பழைய மாவை எத்தனை நாள் தொடர்ந்து ஊற்றலாம்? எட்டாம் நாளில் ஆப்பம் பூக்காமல் புளித்துவிடுகிறது

தக்கலை_ஆப்பமாவு

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகில் வீட்டிலிருந்தே ஆப்ப மாவு அரைத்து விற்கிறேன். 9 ஆண்டுகளுக்கு முன் நாளொன்றுக்கு 2 கிலோ பச்சரிசியில் தொடங்கிய வேலை இப்போது 20 கிலோவுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களிலும் அதற்கு மேலும் அரைக்க வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு விடை கிடைக்காத ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன்.

முதலில் என் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முற்றிய தேங்காயின் தண்ணீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ஒரு நாள் மூடி வைத்து, அது நுரைத்து வந்ததும் முதல் நாள் மாவில் ஊற்றுகிறேன். பச்சரிசியை 4 மணி நேரம் ஊறவைத்துத் தேங்காய்த் துருவலோடு அரைத்து, அதில் ஒரு பங்கை எடுத்துக் கெட்டிக் கஞ்சிபோல் கப்பி காய்ச்சி, ஆறவைத்துச் சேர்க்கிறேன். மறுநாளிலிருந்து தேங்காய்த் தண்ணீர் ஊற்றுவதில்லை. முந்தைய நாள் மாவில் எடுத்துவைத்ததை, 5 கிலோ அரிசிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் ஊற்றிக் கலக்குகிறேன். கடையில் விற்கும் ஈஸ்டைச் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் மாவு நன்றாகப் பொங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆப்பத்தில் ரொட்டி வாசனை வருகிறது என்று வாடிக்கையாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு நாட்களில் மாவு சுமாராக இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை மிக நன்றாக இருக்கும். நடுவில் பஞ்சுபோல் எழும்பி, ஓரம் மொறுமொறுவென்று வந்து, ஆப்பம் முழுக்கக் கண் விட்டிருக்கும். ஏழாம் நாளில் புளிப்பு ஏறத் தொடங்கும். எட்டாம், ஒன்பதாம் நாட்களில் புளிப்பு மட்டுமே இருக்கும், பொங்குதல் இருக்காது; சட்டியில் ஊற்றினால் தோசையைப்போல் தட்டையாக நிற்கும். வீரியம் குறைந்துவிட்டது என்று எண்ணிப் பழைய மாவின் அளவை அரை லிட்டரிலிருந்து 2 லிட்டர் வரை கூட்டிப் பார்த்தேன். அதில் நிலைமை இன்னும் மோசமானது. சமையல் சோடா சேர்த்தால் புளிப்பு மறைகிறது, ஆனால் அதன் வாடையும் மஞ்சள் நிறமும் வந்துவிடுகின்றன. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தேங்காய்த் தண்ணீரிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். அந்த முதல் இரண்டு நாட்களில்தான் எனக்குப் புகார்கள் வருகின்றன.

என் பாட்டி கள் ஊற்றி ஆப்பம் சுட்டவர். கள் தினமும் புதிதாக வந்ததால் அவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரே பழைய மாவை மாதக்கணக்கில் கெடாமல் ஓட்ட வழி இருக்கிறதா? எட்டாம் நாளில் அதற்குள் என்னதான் நடக்கிறது? காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகவே எழுதுங்கள்.

மார்த்தாண்டம்_அடுமனை

சகோதரி, முழுக்க முழுக்கக் கடை ஈஸ்டுக்கு மாற வேண்டியதில்லை. ஏழாம் நாளிலிருந்து 5 கிலோ அரிசிக்கு ஒரு கிராம் உலர் ஈஸ்ட் மட்டும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, பழைய மாவோடு சேர்த்து ஊற்றிப் பாருங்கள். அந்த அளவில் ரொட்டி வாசனை தெரியாது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள் கிடைக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டுக்குள் அதைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்பதால் அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது.

நாகர்கோவில்_நுண்ணுயிரியல்

விளக்கம் எழுதுவதற்கு முன் மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. பழைய மாவை எந்த நேரத்தில், எந்த நிலையில் எடுக்கிறீர்கள்? அதில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றனவா? எடுத்ததிலிருந்து ஊற்றும் வரை அது எங்கே இருக்கிறது? நான் கல்லூரியில் 30 ஆண்டுகள் நுண்ணுயிரியல் கற்பித்தவன். நீங்கள் சொல்வது போன்ற சிக்கல்களில் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் விடை இருக்கும்.

தக்கலை_ஆப்பமாவு

நன்றி ஐயா. மாலை 6 மணிக்கு மாவைக் கலக்கி வைப்பேன். அதிகாலை 3 மணியளவில் அது பொங்கி உச்சத்தில் நிற்கும். 4 மணிக்கு உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்குவேன். 9 மணிக்குள் விற்பனை முடிந்துவிடும். பாத்திரத்தின் அடியில் மீதமிருப்பதை ஒரு தூக்குவாளியில் ஊற்றி அடுக்களைத் திண்ணையில் வைத்துவிடுவேன். மாலையில் அதைத்தான் புதிய மாவில் ஊற்றுகிறேன். அப்படிப் பார்த்தால் ஊற்றும்போது அதற்கு 24 மணி நேர வயது ஆகியிருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வீரியம் போய்விடும் என்று எல்லோரும் சொன்னதால் வைக்கவில்லை.

குளச்சல்_கடற்கரை

அக்கா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குளச்சல். 11 ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே 1963 முதல் வீட்டுத் தேவைக்கு உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சலாம் என்பதால், பல ஆண்டுகளாகப் புளிப்பு பீர் வகைகளைச் செய்து வருகிறேன். ஆப்ப மாவுக்கும் பீருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஆனால் உங்கள் எட்டாம் நாளை நான் என் பீப்பாயில் அப்படியே பார்த்திருக்கிறேன். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

சாதாரண பீருக்கு ஒரே வகை ஈஸ்ட் போதும். புளிப்பு பீருக்கு ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த கலவை வித்து, அதாவது புளிக்கவைக்க ஊற்றும் உயிர்க்கூட்டம், வேண்டும். நான் வாங்கிய வித்தில் நான்கு வகை உயிர்கள் இருந்தன. சாக்கரோமைசிஸ் என்னும் வழக்கமான ஈஸ்ட் முதல் வாரத்திலேயே பெரும்பகுதிச் சர்க்கரையை முடித்துவிடும். லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா தொடக்கத்திலேயே வேகமாகப் புளிக்கவைக்கும். பீடியோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மாதக்கணக்கில் மெல்லப் புளிப்பேற்றும். அந்த வழியில் வெண்ணெய் வாசனையையும், சில சமயம் நூல் இழுக்கும் வழவழப்பையும் உண்டாக்கும். பிரெட்டனோமைசிஸ் என்ற நான்காவது, மிக மெதுவாக வளரும் ஒரு காட்டு ஈஸ்ட். பீடியோகாக்கஸ் விட்டுச்செல்லும் வெண்ணெய் வாசனையை நீக்கித் தனக்குரிய மணத்தைத் தருவது அதுதான். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் 1904இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பழைய ஆங்கிலேய பீர்களின் மணத்துக்கு அதுவே காரணம் என்று அவர் கண்டதால், ‘பிரித்தானியப் பூஞ்சை’ என்று பொருள்படும்படி அந்தப் பெயர் அமைந்தது.

என் முதல் பீர் பத்து மாதங்களில் மிக அருமையாக வந்தது. அதை வடித்தெடுத்தபின் அடியில் தங்கிய மண்டியை வீணாக்க மனம் வராமல், முழுவதையும் அடுத்த பீருக்கான மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றில் ஊற்றினேன். அது ஒரே வாரத்தில் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிட்டது. ருசியில் ஆழம் எதுவும் இல்லை. அதன் மண்டியை மூன்றாம் முறை ஊற்றியபோது நுரையே எழவில்லை, சர்க்கரை பாதியில் நின்றுவிட்டது, காடி வாடையும் சேர்ந்துகொண்டது. வாங்கியபோது உறையில் இருந்த நான்கு உயிர்களின் விகிதம் முதல் காய்ச்சலிலேயே மாறிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்து மாதம் புளிப்பிலும் சாராயத்திலும் பட்டினியிலும் கிடந்த மண்டியில் சாக்கரோமைசிஸ் பெரும்பாலும் செத்துப்போயிருந்தது. புளிப்பைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மட்டும் ஏராளமாக இருந்தன. நான் மறுபடி ஊற்றியது முதலில் வாங்கிய கலவையே அல்ல.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிகாலை 3 மணிக்கு உங்கள் மாவில் இருப்பது ஒரு கூட்டம். மாலை 6 மணிக்கு அந்தத் தூக்குவாளியில் இருப்பது வேறொரு கூட்டம். இடைப்பட்ட 15 மணி நேரத்தில் சர்க்கரை தீர்ந்து, புளிப்பு ஏறி, ஈஸ்ட் சோர்ந்து, பாக்டீரியா மேலோங்கியிருக்கும். பழைய மாவை எந்த நேரத்தில் எடுக்கிறோமோ, அந்த நேரத்தில் எது வலுவாக இருக்கிறதோ அதற்குத்தான் நாம் மறுநாள் சோறு போடுகிறோம். அளவைக் கூட்டியபோது நிலைமை மோசமானதற்கும் இதுவே காரணம்: 2 லிட்டர் பழைய மாவோடு நான்கு மடங்கு பாக்டீரியாவும் நான்கு மடங்கு புளிப்பும் சேர்ந்தே உள்ளே போகின்றன, ஈஸ்ட் பெருகுவதற்கு முன்பே சர்க்கரை அவற்றின் வாய்க்குள் போய்விடுகிறது.

புளிப்பு பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை. ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, லாக்டோபேசிலஸின் பல வகைகளை அடக்கிவைக்கும், ஈஸ்டை ஒன்றும் செய்யாது. கசப்பைச் சிறிது கூட்டினால் புளிப்பு தாமதமாக வரும், குறைத்தால் வேகமாக வரும். அரிசி மாவில் அப்படி ஒரு பொருளைப் போட முடியாது. ஆகையால் எடுக்கும் நேரம், ஊற்றும் அளவு, வெப்பம் ஆகிய மூன்று மட்டுமே உங்கள் கையில் இருக்கின்றன.

என் பீரை நான் சரிசெய்த வழியையும் சொல்கிறேன். மண்டியை முழுவதும் ஊற்றுவதை நிறுத்தினேன். ஒரு கரண்டி மட்டும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் அதோடு புதிய சாக்கரோமைசிஸையும் சேர்க்கிறேன். மார்த்தாண்டம் நண்பர் சொன்ன ஒரு கிராம் ஈஸ்ட் யோசனையும் இதே தான், அதில் தவறில்லை. இரண்டாவதாக, முதல் பீர் நன்றாக இருந்த நாட்களிலேயே சிறு போத்தல்களில் வித்து எடுத்துக் குளிரில் வைக்கக் கற்றுக்கொண்டேன். நான்காவது, ஐந்தாவது தலைமுறைக்கு மேல் ஓட்டாமல் மீண்டும் அந்த மூலப் போத்தலுக்கே திரும்புகிறேன். 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்டைத் தனித்துப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகு, பெரிய பீர் ஆலைகள் இந்த வழக்கத்துக்கு வந்தன. கலவை வித்துக்கும் அந்த ஒழுங்கு உதவுகிறது.

உங்களுக்கு மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை மாவு அருமையாக இருக்கிறது. அப்படியானால் நான்காம் நாள் அதிகாலை 3 மணிக்கு, மாவு உச்சத்தில் குவிந்து நிற்கும்போது, உப்பு போடுவதற்கு முன், பத்துச் சிறு போத்தல்களில் எடுத்து உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை தேங்காய்த் தண்ணீருக்குத் திரும்பாமல் ஒரு போத்தலிலிருந்து தொடங்குங்கள். அன்றாட ஓட்டத்துக்கும் மாலைவரை காத்திருக்காமல் 3 மணிக்கே எடுத்துக் குளிரில் வைத்துவிடுங்கள். குளிரில் வீரியம் போகாது, உறங்கும், அவ்வளவுதான். ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துச் சிறிது சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்தால் விழித்துக்கொள்ளும்.

வாரந்தோறும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் வருந்த வேண்டாம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிய சென் ஆற்றுப் பகுதியில் லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் காய்ச்சுகிறவர்கள் இன்றைக்கும் வித்தே ஊற்றுவதில்லை. கொதித்த சாற்றை அகன்ற, ஆழமில்லாத திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டு, காற்றிலிருந்தும் பிறகு மரப் பீப்பாயிலிருந்தும் வந்து சேரும் உயிர்களை வைத்தே அதை வளர்க்கிறார்கள். அதிலும் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். வெயில் காலத்துக் காற்றில் வேண்டாதவை மிகுதி. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதும் மரபான வழிதான்.

பனைவிளை

தம்பி குளச்சல் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் குலசேகரம் பக்கத்துக்காரன். 71 வயது ஆகிறது. என் தந்தை பனையேறி. தக்கலையிலிருந்து கேள்வி கேட்ட அம்மா எழுதிய ஒரு வரியை மட்டும் திருத்த விரும்புகிறேன். உங்கள் பாட்டிக்குக் கள் தினமும் புதிதாக வந்தது என்பது சரி. ஆனால் அந்தக் கள் வடிந்த கலயம் பழையது. நீங்கள் இன்று கேட்கும் கேள்வி அன்றைக்குப் பனையேறியிடம் இருந்தது, பாட்டி வரை அது வரவில்லை, அவ்வளவே.

பாளையிலிருந்து வடியும்போது அது வெறும் இனிப்பு நீர். அக்கானி, அதாவது பதநீர், வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவோம். சுண்ணாம்பின் காரம் புளிக்கவைக்கும் உயிர்களை எழவிடாது. அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுத்தோம். கள் வேண்டுமென்றால் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டுவார்கள். அந்தக் கலயத்தைத் தந்தையார் ஒருபோதும் தேய்த்துக் கழுவியதில்லை. கவிழ்த்து ஊற்றியபின் அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மண்டியோடு மறுபடியும் பாளையில் கட்டிவிடுவார். மரத்தின் மேலிருக்கும்போதே நீர் நுரைக்கத் தொடங்கிவிடும். அந்த மண்டி, உங்கள் தூக்குவாளியில் இருக்கும் பழைய மாவேதான்.

ஆனால் அவர் கலயத்தை முகர்ந்து பார்க்காமல் கட்டியதே இல்லை. மூக்கைத் துளைக்கும் காடி வாடை வந்துவிட்டால், அந்தக் கலயத்தை வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, நன்றாக ஓடும் இன்னொரு கலயத்திலிருந்து ஒரு சிரட்டை கள்ளை அதில் சுழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். பதினைந்து மரம் ஏறினால் பதினைந்து கலயம். எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகாது. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய காப்பு. தம்பி சொல்லும் பத்துப் போத்தல் முறையில் எனக்கு அந்தப் பதினைந்து கலயங்கள்தான் தெரிகின்றன.

1987 முதல் இங்கே கள் இறக்கத் தடை இருக்கிறது. அந்தக் கலயங்களும் போய்விட்டன. கலயத்தைப் பற்றித் தந்தையார் அறிந்திருந்தது மாவுக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதினேன். நீங்களும் ஒரே தூக்குவாளியை நம்பாமல், இரண்டு மூன்று பாத்திரங்களில் தனித்தனியாக ஓட்டுங்கள். தினமும் முகர்ந்து பாருங்கள். கெட்ட மணத்தை நாக்குக்கு முன் மூக்கு சொல்லிவிடும்.

நாகர்கோவில்_நுண்ணுயிரியல்

மேலே இருவர் எழுதியதோடு எனக்கு உடன்பாடு உண்டு. அவர்கள் விட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் ஏன் ஏழாம், எட்டாம் நாள் என்ற கேள்வி. ஒரு கணக்குக்காக, ஒரு சுற்றில் பாக்டீரியா ஈஸ்டைவிட இரண்டு மடங்கு கூடுதலாகப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அந்த வேறுபாடு உங்கள் நாக்குக்குத் தெரியாது. இரண்டாம் நாளில் நான்கு மடங்கு, மூன்றாம் நாளில் எட்டு மடங்கு என்று போனால், ஏழு சுற்றுகளில் அது 128 மடங்கு ஆகிவிடும். மாவு திடீரென்று கெட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது முதல் நாளிலிருந்தே சாய்ந்துகொண்டிருக்கிறது. எடுக்கும் நேரத்தை மாற்றினால் இந்தச் சாய்வு குறையும்.

அடுத்தது தீனி. நம் ஈஸ்டால் மாச்சத்தை நேரடியாக உண்ண முடியாது. அது சர்க்கரையாக உடைந்து வர வேண்டும். பச்சரிசி மாவில் இயல்பாக இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு. முதல் நாள் நீங்கள் ஊற்றும் தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து அது கிடையாது, நீங்கள் சர்க்கரை போடுவதோ அதிகாலையில், பொங்குதல் முடிந்தபின். 5 கிலோ அரிசிக்கு 50 கிராம் சர்க்கரையை மாலையிலேயே கலந்துவிட்டு, இனிப்புக்காகப் போடுவதில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆறவைத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு தங்கியிருக்கும். 50 பாகைக்கு மேல் போனாலே ஈஸ்ட் சாகத் தொடங்கும், பாக்டீரியாக்களில் சில தப்பிவிடும். கப்பியை அகலமான தட்டில் பரப்பி, விரலை நடுவில் விட்டுப் பார்த்து, சூடே தெரியாத நிலையில் சேருங்கள். இரவு வெப்பமும் அப்படியே: 27, 28 பாகையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் ஏறக்குறைய இணையாக ஓடும், சித்திரை, வைகாசி மாதங்களில் அடுக்களை 32 பாகைக்கு மேல் போகும்போது பாக்டீரியா முந்திவிடும். அந்த மாதங்களில் பாத்திரத்தை ஓர் அகன்ற தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தாலே பெரிய வேறுபாடு தெரியும்.

நான்கைந்து சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதில் மட்டும் குளச்சல் தம்பியிடமிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். அது பீருக்குப் பொருந்தும். அங்கே ஒரு சுற்றுக்கே மாதக்கணக்கு ஆகிறது. அன்றாடம் புதுப்பிக்கப்படும் மாவில் கலவை நிலைபெற்று ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் புளித்த ரொட்டி மாவை ஆராய்ந்த கிளைன், சுகிஹாரா ஆகியோர் 1971இல் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள். அந்த மாவில் உள்ள பாக்டீரியா மால்ட்டோஸ் என்ற சர்க்கரையை விரும்பி உண்கிறது. அங்குள்ள ஈஸ்டோ மால்ட்டோஸைத் தொடுவதே இல்லை, பிற சர்க்கரைகளை உண்கிறது. ஒரே பாத்திரத்தில் இருந்தும் அவற்றுக்குள் பங்காளிச் சண்டை இல்லை. உங்கள் மாவில் எந்த ஈஸ்ட் குடியேறியிருக்கிறது என்பதை ஆய்வகத்தில் பார்த்தால்தான் சொல்ல முடியும். எனினும் ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே வெப்பம் என்று நீங்கள் ஒழுங்காக ஓட்டினால், அப்படி ஒரு நிலைபேறு வருவதற்கு வாய்ப்பு உண்டு. வராவிட்டால் போத்தல்கள் இருக்கவே இருக்கின்றன.

கடைசியாக, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. சேமித்து வைக்கும் வித்தில் தேங்காய் சேர்க்காதீர்கள். அன்றாடம் அரைத்து அன்றே சுடும் மாவில் தேங்காய் இருப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. அது நம் ஊரில் தலைமுறைகளாக நடப்பது. ஆனால் நாட்கணக்கில் வைத்திருக்கும் வித்தில் தேங்காயின் கொழுப்பு காறிப்போகும். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு: இந்தோனேசியாவில் தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்த ‘தெம்பே பொங்க்ரெக்’ என்ற உணவில் பர்க்கோல்டெரியா என்ற பாக்டீரியா புகுந்து, சமைத்தாலும் அழியாத நஞ்சை உண்டாக்கி, பலரின் உயிரைப் பறித்திருக்கிறது. நன்றாகப் புளித்த மாவில் அது எளிதில் வளராது. இருந்தாலும் பிறருக்கு விற்கும் பொருளில் அந்த வாய்ப்பையே வைக்கக் கூடாது. வித்துக்கென்று தனியாக ஒரு குவளை பச்சரிசி, ஒரு பிடி சோறு, ஒரு கரண்டி சர்க்கரை மட்டும் சேர்த்து அரைத்து, அதில் நல்ல மாவு ஒரு கரண்டி ஊற்றிப் பொங்கவைத்துப் போத்தலில் எடுங்கள். இளஞ்சிவப்பு, கருப்பு, பச்சை என்று எந்த நிறப் புள்ளி தெரிந்தாலும் மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

தக்கலை_ஆப்பமாவு

ஐயா, பெரியவர், தம்பி, மார்த்தாண்டம் சகோதரர் அனைவருக்கும் என் நன்றி. ஆறு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தேங்காய் இல்லாமல் தனியாக அரைத்த வித்தைப் பன்னிரண்டு சிறு போத்தல்களில் எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். அன்றாட மாவுக்கு அதிகாலை 3 மணிக்கே, உப்பு போடுமுன், இரண்டு தனித்தனிப் பாத்திரங்களில் எடுத்துக் குளிரில் வைக்கிறேன். ஊற்றும் அளவையும் 5 கிலோவுக்கு கால் லிட்டராகக் குறைத்துவிட்டேன். முதல் சுற்று 19 நாட்கள் ஓடியது. ஆப்பம் பூப்பதில் குறையே இல்லை. இருபதாம் நாளில் ஒரு பாத்திரத்தில் மட்டும் காடி வாடை தெரிந்தது. பெரியவர் சொன்னபடி அதைக் கொட்டி, பாத்திரத்தை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, மற்றொன்றிலிருந்து எடுத்து ஓட்டினேன். ஆறு வாரத்தில் தேங்காய்த் தண்ணீருக்குத் திரும்பவே இல்லை. அந்தச் சுமாரான இரண்டு நாட்களும் இல்லாமல் போனதால் புகார் சொல்லிவந்த இரண்டு வீட்டார் மீண்டும் மாவு வாங்குகிறார்கள்.

சிறு வித்தியாசம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் ஆறாம் நாள் மாவில் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும். அது சிலருக்குப் பிடித்திருந்தது. இப்போது மாவு சற்று இனிப்பாகவே நிற்கிறது. அந்தப் புளிப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் எடுக்கும் நேரத்தை 3 மணியிலிருந்து 6 மணிக்குத் தள்ளித் தனிப் பாத்திரத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். மூன்று நாட்களிலேயே வேறுபாடு தெரிகிறது. சாரல் மழை பெய்த இரவுகளில் மாவு பொங்குவதற்கு 5 மணி ஆகிவிடுகிறது. அன்றைக்கும் 3 மணிக்கே எடுக்க வேண்டுமா, பொங்கும்வரை காத்திருக்க வேண்டுமா? இன்னொன்று: ஒரு போத்தலின் மூடி தானாகத் தெறித்துக் குளிர்பெட்டி முழுக்க மாவாகிவிட்டது. அதற்கு என்ன செய்யலாம்?

குளச்சல்_கடற்கரை

கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மாவைப் பாருங்கள் அக்கா. குவிந்து நிற்கும் மாவின் நடு மட்டமாகத் தொடங்கும் நேரமே எடுக்கும் நேரம். மழை இரவில் அது 5 மணியானால் 5 மணிக்கே எடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது மாவை ஊற்றி, தொடக்க மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிப் பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால், மூடியைத் திறக்காமலே அளவு தெரியும். போத்தலில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை முழுக்க இறுக்காமல் ஒரு திருகு தளர்த்தி வையுங்கள். குளிரிலும் அது மெல்ல மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும்.